சிவப்புக் காருக்குச் சுதி சேர்த்த விவரம்

பண்ணைக்காடு,
வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

என் உடன்பிறந்த தம்பி திருமலைச்சாமிக்கு, உன் அக்காள் பாப்பம்மாள் பழனி மலை இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டு எழுதுவது. இங்கே என் முட்டியைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். அங்கே உன் சுகமும், உன் வீட்டுக்காரி கந்தம்மாள் சுகமும், உன் பஞ்சாமிர்தக் கடையின் சுகமும் அறிய ஆவல். இந்தக் கடிதத்தை நானே என் கையால் எழுதுகிறேன். போன தரம் வாத்தியாரிடம் சொல்லி எழுதச் சொன்னேன். நான் திட்டச் சொன்ன இடத்தில் எல்லாம் அவர் "வணக்கம்" என்று போட்டுவிட்டார். மூணாம் வகுப்புப் படித்த எழுத்து என்று சிரிக்காதே. எழுத்துத்தான் கோணல், ஞாபகம் நேராக இருக்கிறது.

"வேலுமணி எப்போது கடைக்கு வருகிறான், டப்பா மூட ஆள் இல்லாமல் கிடக்கிறது" என்று நீ கார்டு போட்டிருந்தாய். பந்தயம் முடிந்த மறுநாளே கார்டு வந்து சேர்ந்தது என்றால், பந்தயத்துக்கு முன்னாலேயே எழுதிப் போட்டிருக்கிறாய். உன் அவசரம் தெரிந்துவிட்டது. சரி, கேட்டுக்கொள். உன் கடைக்கு வேறு ஆள் பார். என் பேரன் வரமாட்டான். நாங்கள் ஜெயித்துவிட்டோம்! ஏழு காரில் முதல் கார் எங்கள் கார்! மசி சிந்தியிருந்தால் பொறுத்துக்கொள்.

பங்குனி உத்திரத்துக்கு உன் வீட்டில் பந்தியில் உட்கார்ந்து நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. இடது கையால் விசிறிக்கொண்டு சொன்னாய். "அக்கா, தொரை சீமைக்குப் போறப்ப விட்டுட்டுப் போன செவப்புக் காரை வச்சுக்கிட்டு உன் பேரன் ஊர் சுத்தறான். ரெண்டு பேரு உக்கார்ற காரு ஒரு காரா? சீசனுக்கு மதராஸ்காரக மலையேத்தப் பந்தயம் வைக்கிறாகளாமே. அதுல ஜெயிச்சா அவன் இஷ்டம். தோத்தா என் கடைக்கு அனுப்பிரு." அதற்கு நானும் சோற்றில் கை வைத்தபடி வாக்குக் கொடுத்தேன். "இஞ்சினுக்கு ஆள் பாக்கறது என் சோலி. தோத்தா நானே கூட்டியாந்து விடறேன்." அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வேலுமணிக்கு அந்தக் காரைவிட்டால் உலகத்தில் ஒன்றும் வேண்டாம். டப்பா மூட உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் வாடிப்போவான். அவன் பிழைப்பு நான் பார்க்கிற மெக்கானிக் கையில்.

கார் நல்ல கார்தான். ஆனால் ஒரு சீக்கு. வத்தலக்குண்டில் புலி மாதிரிப் பாயும். மலை ஏற ஏறப் பூனையாகும். பெருமாள்மலை தாண்டினால் இருமும். "டியூன் பண்ணணும் அப்பத்தா, நல்ல ஆளா இருந்தா இது பறக்கும்" என்றான் வேலுமணி. நாயனக்காரர் சீவாளியை நனைத்துச் சுதி சேர்ப்பதுபோல இஞ்சினுக்கும் சேர்க்க வேண்டுமாம். அந்தக் கைவரிசை மூன்று பேரிடம் உண்டு என்றார்கள். பழனியில் உன் மருமகன் வேலப்பன், வத்தலக்குண்டில் போர்டு போட்ட பொன்னுச்சாமி, கொடைக்கானலில் மரியசூசை.

மரியசூசை பேரைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்தது. உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. உன் கல்யாணத்தன்று வெள்ளனே எழுந்து, தலைக்குக் குளித்து, தாம்பூலத் தட்டோடு ஊத்து விலக்கில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினேன். ஓட்டி வந்தவன் இந்த மரியசூசை. அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என்னைப் பார்த்தான். கண்ணுக்குக் கண் பார்த்தான். பார்த்துவிட்டு நிறுத்தாமல் போனான். நாத்தனார் போட வேண்டிய மூன்றாவது முடிச்சை நம் சித்தப்பா மகள் போட்டாள். இருபத்தேழு வருசம் ஆகிறது. கொடைக்கானல் சந்தையில் அவன் எதிரே வந்தால் நான் கீரைக்கட்டைப் பார்ப்பேன்.

ஆகையால் பழியை நான் ஏற்கக் கூடாது, சாமியே சொல்லட்டும் என்று நம்ம ஊர் முருகன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வேலப்பனுக்கு வெள்ளை அரளி, பொன்னுச்சாமிக்கு மஞ்சள் செவ்வந்தி, மரியசூசைக்குச் செம்பருத்தி. வாடிப்போன செம்பருத்தியாகத்தான் பார்த்து வைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்றையும் இலையில் மடித்துக் கட்டிச் சன்னிதியில் வைத்து, பூசாரி மனைவியை எடுக்கச் சொன்னேன். செம்பருத்தி வந்தது. கட்டு சரியில்லை என்று மறுபடி கட்டினேன். செம்பருத்தி. பூசாரி மனைவி கை கழுவவில்லை என்று கழுவிவரச் சொல்லி மறுபடி எடுக்க வைத்தேன். செம்பருத்தி! அவள் சிரித்தாள். "எத்தனை தரம் ஆத்தா கேப்பீக? அவருக்கும் அலுப்பு வராதா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. நன்றாக யோசித்துப் பார் தம்பி. உலகத்தைச் சுற்றுகிற பந்தயத்தில் மயிலை வைத்துக்கொண்டே அண்ணனிடம் தோற்றுப் பழனிக்கு வந்து உட்கார்ந்தவர் அவர். மற்ற எதையும் அவரிடம் கேட்கலாம். பந்தயத்துக்கா அவரிடம் யோசனை கேட்பது? கன்னத்தில் போட்டுக்கொண்டு, கற்பூரம் ஏற்றி, அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

காரை உன் மருமகனிடமே விட்டேன். குறை சொல்ல எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். மூன்று நாள் வைத்திருந்து ஏதேதோ திருகினான். திரும்பும்போது, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் வரை ஏற்றிப் பார்ப்போம் என்று நானும் ஏறிக்கொண்டேன். தரையில் அம்பு. டம்டம் பாறை வரைக்கும் அம்பு. பெருமாள்மலையில் ஒரு கரும்புகை வந்தது பார், எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் கார் தீப்பிடித்தது என்று இறங்கி ஓடிவந்து, ஒருத்தி தன் தூக்குச்சட்டி மோரைக் கொண்டுவந்து இஞ்சின்மேல் ஊற்றிவிட்டாள். கிளாவரைக்கு மூட்டை ஏற்றப் போன லாரியில் கயிறு கட்டி இழுத்தார்கள். மோர் தாளித்த வாசனையோடு ஊர்வலம் போனோம். அந்த ஊர்வலத்தில்தான் எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. கீழே புலியாக இருப்பது மேலே பூனையாவது காருக்கு மட்டும்தானா? பழனியில் ஒரு கொதியில் குழைகிற துவரம்பருப்பு கொடைக்கானலில் உச்சிப்பொழுதுவரை கொதித்தாலும் கல்லாகத்தானே கிடக்கிறது? பருப்புக்குக் காரணம் தெரிந்தவனுக்குத்தான் இந்தக் காருக்கும் காரணம் தெரியும் என்று முடிவுகட்டினேன்.

மறுநாள் வேலப்பன் பார்க்க வந்தான். "மலை மேல பருப்பு ஏம்ப்பா வேக மாட்டேங்குது?" என்று கேட்டேன். "தண்ணி சரியில்ல பெரியம்மா" என்றான். எழுந்து காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்தது பொன்னுச்சாமி. முன்யோசனையாக முதலிலேயே கேட்டேன். "பருப்பு பழசா இருக்கும்" என்றான். எந்தக் கடையில் வாங்குகிறேன் என்றுகூடத் தெரியாமல் சொல்கிறான். அதற்குள் காரின் வயிற்றைத் திறந்துவிட்டான், என்ன செய்வது? "சத்தம் வந்தாத்தான் சக்தி வரும்" என்று சைலன்சரைக் கழற்றிப்போட்டான். அந்தச் சத்தத்தோடு ஊருக்குள் நுழைந்தோம். பக்கத்து வீட்டு இருளாயியின் கோவேறு கழுதைகள் இரண்டும் மிளகு மூட்டையோடு பிய்த்துக்கொண்டு ஓடின. ஒன்று அன்றைக்கே வந்தது. மற்றது மூன்றாம் நாள் வடகவுஞ்சியில் யாரோ வீட்டுத் தோட்டத்தில் பீன்ஸ் தின்றுகொண்டிருந்ததாம். இருளாயி என்னோடு பேசுவதில்லை. அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன். இவ்வளவு சத்தத்துக்கும் கார் பெருமாள்மலையில் இருமத்தான் இருமியது.

பந்தயத்துக்கு ஐந்து நாள். வேலுமணி காரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அந்தத் துடைப்பைப் பார்க்கச் சகிக்காமல் "எடுலே வண்டியை, கொடைக்கானலுக்கு" என்றேன். மரியசூசை பட்டறை வாசலில் இறங்கினேன். பேசுவதில்லை என்ற வைராக்கியத்தை விட முடியுமா? அவன் பெண்சாதி தெரசம்மாள் வெளியே வந்தாள். நல்லவள், அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

"தெரசம்மா, மலை மேல பருப்பு ஏன் வேகலைன்னு உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேளு."

அவன் வேறு ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தான். அங்கிருந்தே சத்தம் வந்தது. "தெரசா, மேல காத்து மெலிசுன்னு அம்மாகிட்டச் சொல்லு. சூடு முழுசா ஏறுமுன்னே தண்ணி கொதிச்சிருது. அப்புறம் எங்கிட்டு வேகும்?"

"காருக்கு என்னாங்கறாரு?"

"அதே காத்துதான். காத்து கொறையுது, பெட்ரோல் மட்டும் கீழ ஊத்துன மாதிரியே ஊத்துது. அடுப்புல வெறகைத் திணிச்சா எரியுமா, பொகையுமா? பெட்ரோலை ஊத்துற கார்புரேட்டரை இங்கன வச்சு, இந்தக் குளிர்லதான் திருப்பணும். பழனியில வச்சுத் திருப்புனா பழனிக்குத்தான் ஓடும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது தம்பி. இதுதான் ஆள். ஆனாலும் விட்டேனா? "தெரசம்மா, அன்னைக்கி ஊத்து வெலக்குல பஸ்ஸை ஏன் நிறுத்தலைன்னும் கேளு."

அடியில் ஸ்பானரைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாக வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தரமாக என்னிடம் நேராகச் சொன்னான். "பிரேக் இல்லம்மா. மூலையாறு வளைவுலயே போயிருச்சு. வெளிய சொன்னா உள்ள இருந்த முப்பது பேரும் குதிச்சிருப்பாக. கியரை வச்சே கீழ கொண்டுபோய்ச் சேத்தேன். உங்களைப் பாத்தேன். தாம்பூலத் தட்டையும் பாத்தேன். இன்னைக்கி வரைக்கும் அந்தத் தட்டு என் கண்ணுலயே நிக்குது."

முப்பது பேர் உயிர் என்றால் நான் என்ன சொல்ல முடியும்? மன்னித்தேன். ஆனாலும் ஒரு கையையாவது ஆட்டியிருக்கலாம். அதைச் சொன்னேன். "ரெண்டு கையும் ஸ்டேரிங்குல இருந்துச்சும்மா" என்றான். சரி, அதையும் மன்னித்தேன்.

மூன்று நாள் வெள்ளனே பனியில் நின்று, இஞ்சின்மேல் ஒரு மூங்கில் குழாயை வைத்துக் காதைக் கொடுத்து, ஒரு திருகாணியை எள்ளளவு திருப்புவான், கேட்பான், மறுபடி எள்ளளவு திருப்புவான். பக்கத்து சீட்டிலும் ஆள் இருக்க வேண்டும் என்பது பந்தய விதியாம். "எடை கொறைஞ்ச ஆளா வேணும்" என்றான். வீட்டில் என்னைவிட எடை குறைந்தது கோழிதான். நானே ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் ஏழு கார். எனக்குக் கண்ணாடி மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டான் வேலுமணி. முதல் மரியாதை எங்களுக்குத்தான் தம்பி! கொடியை ஆட்டி எங்களைத்தான் முதலில் விட்டார்கள். மற்ற ஆறும் கைகட்டிக்கொண்டு நின்றன. பிறகு பார், ஒரு வளைவில் நான் கதவோடு ஒட்டினேன், அடுத்த வளைவில் பேரனோடு ஒட்டினேன். டம்டம் பாறை வந்தது தெரியும், போனது தெரியாது. ஊத்து விலக்கில் நின்றவர்களுக்கு மறக்காமல் கையை ஆட்டினேன். பெருமாள்மலை வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இருமவில்லை! ஒரு பொட்டுப் புகை இல்லை! "வெரசா போலே, வெரசா!" என்று நான் கத்த, "பேசாம இரு அப்பத்தா!" என்று அவன் கத்த, வெள்ளி அருவிச் சாரல் முகத்தில் அடிக்க, திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு கார் கண்ணில் படவில்லை. ஏரிக்கரையில் எங்களுக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. கடிகாரத்தோடு ஒருத்தர் மட்டும் நின்று எதையோ குறித்துக்கொண்டார். மரியசூசை ஓடிவந்து கதவைத் திறந்தான். என் முட்டி நீளமாட்டேன் என்றது. தெரசம்மாள் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். மற்ற கார்கள் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்ததாம். கோப்பை எங்கே என்று வேலுமணியைக் கேட்டேன். பேர் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், வரும் என்றான். ஊர் முழுக்கப் பொரிகடலை கொடுத்தாயிற்று. இருளாயி வீட்டுக்கும் அனுப்பினேன், பேசாமல்.

ஆகையால் வாக்குப்படி வேலுமணி அவன் இஷ்டம். கந்தம்மாளுக்கு என் ஆசீர்வாதம். வேலப்பனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் என் ஆசி. வேலப்பனைப் பருப்பு வேகவைத்துப் பார்க்கச் சொல். நோய்நொடி இல்லாமல் எல்லாரும் நூறு வயசு இருங்கள்.

இப்படிக்கு,
ஜெயித்த அக்காள்,
பாப்பம்மாள்.

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இதை வேலுமணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஐந்து நிமிசத்துக்கு ஒரு காராகத்தான் விட்டார்களாம். முதலில் போவதில் ஒன்றும் இல்லையாம். யார் எத்தனை நிமிசத்தில் ஏறினார்கள் என்பதுதான் கணக்காம். ஏழு காரில் நாங்கள் நாலாவது. "ஞாயித்துக்கெழமையே தெரியுமாலே?" என்றேன். தெரியும் என்றான். "பெறகு ஏன் சொல்லலை?" என்றேன். "நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல அப்பத்தா" என்றான். உள்ளே போய்ப் பார்த்தால், உன் கடைக்கு வருவதற்குத் துணிகூட மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறான். அந்தப் பெட்டியைப் பிரித்துத் துணியை எல்லாம் கொடியில் போட்டுவிட்டேன். நாளையிலிருந்து மரியசூசை பட்டறைக்குப் போகிறான், பேசி முடித்தாயிற்று. நான் வாக்குத் தவறினேன். அக்காள் வாக்குத் தவறினாள் என்று பழனி முழுக்கச் சொல்லிக்கொள். எத்தனை வருசம் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு. எப்படி என்று தெரியாவிட்டால் ஒரு கார்டு போடு, சொல்லித் தருகிறேன்.