படிக்கல் அண்ணனின் வயிறும் படுவான்கரையும்

உடம்பைக் குறைக்க உலகத்தில் எத்தனை வழி உண்டோ அத்தனையையும் செய்து பார்த்து, ஓர் அவுன்சுகூடக் குறையாமல் நிமிர்ந்து நின்ற ஒரே மனிதர் எங்கள் படிக்கல் அண்ணன்தான். இதை நான் எந்த மேடையில் ஏறியும் சொல்வேன். பக்கத்துக் கட்டிலில் ஐந்து வருடம் படுத்துப் பார்த்த சாட்சி நான்.

சமாதான ஒப்பந்தக் காலத்தில் என்னை மன்னாரிலிருந்து மட்டக்களப்புக்கு மாற்றினார்கள். கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. வாவியைப் பார்த்த ஒரு மேல்மாடி அறையில் இடம் கிடைத்தது. பெட்டியும் கையுமாகக் கதவைத் தள்ளினேன். உள்ளே ஒரு பெரிய மனிதர் சுவரில் காலைச் சாத்தித் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மனே. உங்கட கட்டில் அந்தப் பக்கம். நான் இன்னும் நாலு நிமிசம் இப்பிடி நிக்கோணும். மறுகா கதைப்பம்."

மகனே என்பது அங்கே மனே. இரண்டாவது நிமிடம் அவர் என் பெட்டிமேல் விழுந்தார். உள்ளே இருந்த கண்ணாடியும் சீப்பும் போயின. அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

கடைக்காரர்களின் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது அவருடைய அரசாங்க உத்தியோகம். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் காணலாம். ஒரு கிலோப் படிக்கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தே, "அஞ்சு கிராம் குறையுது, மாத்து" என்பார். சோதித்தால் சரியாக ஐந்து கிராம்தான் குறையும். அப்பேர்ப்பட்ட மனிதர் காலையில் அளவு நாடாவைத் தன் வயிற்றில் சுற்றும்போது மட்டும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "அரை இஞ்சி இறங்கியிரிக்கி" என்று எனக்கு அறிக்கை விடுவார். மூச்சை விட்டதும் நாடா கையைவிட்டுப் பறக்கும்.

இவ்வளவு பாடு ஏன் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தவன் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அண்ணனும் அப்படித்தான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் தவமணி அக்கா வீட்டில் சீரும் சிறப்புமாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் விருந்துக்கு வந்த சனத்துக்கு முன்னால் மாமியார் பகிடியாக ஒரு சொல் சொல்லிவிட்டார்:

"மருமகன் வாறதுக்கு முன்னம் அவர்ட வயிறு வந்து பாயில இருந்திரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். "இந்த வயிறு இறங்கின பிறகுதான் இந்தப் படலைக்குள்ள கால் வைப்பன்" என்று சபதம் போட்டுவிட்டு, துறையைக் கடந்து நகரத்துக்கு வந்துவிட்டார். நான் அறைக்கு வந்தபோது சபதத்துக்கு மூன்று வயது.

முதலில் ஐந்து சுருள்கம்பி வைத்த ஒரு சாமான். நெஞ்சுக்கு முன்னால் பிடித்து இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். இழுக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. விட்டபோது நெஞ்சு மயிரில் பாதியைக் கம்பிக்குள் வைத்துக்கொண்டது. மீதியைக் காப்பாற்ற நான் கத்தரிக்கோல் எடுத்தேன். அடுத்தது வியர்வைச் சட்டை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை தடித்த பிளாஸ்டிக். சித்திரை வெயிலில் அதைப் போட்டு மேலே உத்தியோகச் சட்டையும் போட்டுச் சந்தைக்குப் போவார். நடக்க நடக்கச் சரக் சரக் என்று சத்தம். அது சந்தை வாசலில் கேட்டதும் உள்ளே கள்ளப் படிக்கல்லெல்லாம் சாக்குக்கு அடியில் போய்விடும். அந்த மாதம் அவர் ஒரு வியாபாரியையும் பிடிக்கவில்லை.

பிறகு பின்பக்கமாக நடப்பது நல்லது என்று யாரோ சொன்னார்கள். மாலையில் வாவிக்கரையில் அவர் முதுகைக் காட்டி நடப்பார். நான் எதிரே நடந்து, "கல்லு... குழி... மாடு" என்று வழி சொல்ல வேண்டும். ஒரு நாள் நான் கந்தோர் நண்பர் ஒருவரைக் கண்டு கதையில் மறந்துவிட்டேன். திரும்பினால் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில், ஒருவர் விரித்த இறால் வலைக்குள் உட்கார்ந்திருந்தார். வலைக்காரர் பொறுமையான மனிதர்.

"ஐயா, கொஞ்சம் அங்கால போய் விழுந்திரிக்கலாமே?" என்றார்.

நான் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் வயிற்றில் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமைகளில் எனக்குச் சிரிப்பு வராது. சனிக்கிழமை காலை, படுவான்கரையிலிருந்து விறகு கொண்டுவரும் ஒரு கிழவர் எங்கள் வாசலில் ஒரு சட்டி எருமைத் தயிரை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அண்ணன் கதவைப் பூட்டிவிட்டு முழுச் சட்டியையும் தனியாகத் தின்பார். மற்ற எல்லாவற்றையும் எனக்குப் பிரித்துத் தருபவர், அதில் மட்டும் ஒரு கரண்டி தரமாட்டார்.

"யாரு அண்ணே அனுப்புறது?"

"யாரோ."

"வயிறு குறையோணும் எண்டா தயிரை விடவேணும்தானே?"

"வயிறு வேற, தயிர் வேற மனே."

இந்தக் கரை இராணுவத்தின் கையில், அந்தக் கரை இயக்கத்தின் கையில் என்றாலும் பாதை திறந்திருந்த காலம் அது. ஒரு மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். போங்களேன் என்று நான் சொல்லும்போதெல்லாம், "இன்னும் நாலு இஞ்சி. நாலே நாலு இஞ்சி" என்பார். அந்தச் சமாதானம் முழுவதையும் அண்ணன் கயிறு பாய்ந்தே கழித்துவிட்டார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

ஞாயிறு காலைகளில் மணல் வைத்தியம். கல்லடிக் கடற்கரையில் அவரைக் கழுத்துவரை மணலில் புதைப்பது என் வேலை. சுனாமி வந்ததும் ஒரு ஞாயிறு காலைதான். முதல் நாள் வந்த தயிர்ச்சட்டி வழமையைவிடப் பெரியது. விடியற்காலையிலிருந்தே அண்ணன் முனகிக்கொண்டு கிடந்தார். "வயிறு சரியில்ல மனே. இண்டைக்கு மணல் வேணாம்." அந்தச் சட்டி சின்னதாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அதன்பிறகு பல கிழமைகள் அவர் பயிற்சியைப் பற்றி மூச்சே விடவில்லை. பள்ளிக்கூடமொன்றில் தங்கியிருந்த சனத்துக்கு, தன் சொந்தப் படிக்கல்லோடு போய் அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தார். ஒரு குடும்பத்துக்கும் ஒரு பிடி குறையக் கூடாது என்று நின்றார். பெயர் வாசிக்கும்போது ஆள் வராத இடங்களில் தராசைப் பிடித்தபடியே அழுதார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அங்கேதான் விறகுக் கிழவர் அவரைத் தேடிப் பிடித்தார். முதல் தடவையாக அந்தக் கிழவர் வாய் திறந்தார்.

"ஆள் இரிக்காரா எண்டு பாத்து வரச்சொன்னவ."

அண்ணன் கையிலிருந்த தராசைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "இரிக்கன் எண்டு சொல்லுங்க. வயிறும் இரிக்கி எண்டு சொல்லுங்க."

நிவாரண லொறிகளில் என்னென்னவோ வந்தன. குளிர்தேசத்துக் கம்பளிச் சட்டை, உயர்ந்த குதிச் சப்பாத்து, அவற்றோடு ஓர் உடற்பயிற்சிச் சைக்கிளும் வந்தது. மிதிக்கலாம், ஆனால் நின்ற இடத்தைவிட்டு அசையாது. கூடாரத்தில் இருக்கிறவனுக்கு அது எதற்கு? ஒரு மாதம் மழையில் நின்ற அதை அண்ணன் எங்கள் அறைக்குக் கொண்டுவந்து, மேற்கு யன்னலைப் பார்க்க வைத்தார். யன்னலுக்கு வெளியே வாவி, வாவிக்கு அப்பால் படுவான்கரை. வேலைவிட்டு வந்ததும் ஏறி உட்கார்ந்து சூரியன் விழும்வரை மிதிப்பார். அதில் தூரம் காட்டும் ஒரு மீற்றர் உண்டு.

"மனே, இண்டைக்கு ஆரையம்பதி தாண்டிட்டன்."

"இண்டைக்குத் துறையடி."

"பாதையில ஏறிட்டன்."

பாதை என்பது அங்கே வாவியைக் கடக்கும் மிதவை. சில நாள் மீற்றர் கணக்கில் கொக்கட்டிச்சோலைக்கே போய்விடுவார். அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு படுத்துவிடுவார். நானும் மறுபக்கம் திரும்பிப் படுப்பேன். என் வீட்டுக் கடிதங்களும் அப்போது குறைந்துவிட்டிருந்தன.

மறுபடியும் சண்டை வரப்போகிறது என்று ஊர் பேசத் தொடங்கியபோது அண்ணன் துணிந்தார். உண்மையாகவே போவதென்று வெளிக்கிட்டார். கடைசி நேரத்தில் கெடுத்தது ஒரு பெல்ட். வயிற்றைச் சுற்றிக் கட்டி மின் ஆளியைப் போட்டால் நடுங்கி நடுங்கிக் கொழுப்பைக் கரைக்குமாம். நான்கு பற்றரி, இரண்டு வயர். "போய்ச் சேருமட்டும் ஓடட்டும்" என்று சட்டைக்கு உள்ளே கட்டிக்கொண்டார். பற்றரியும் வயரும் இடுப்பில் சுற்றிக்கொண்டு அந்த நாளில் துறையடி இராணுவக் காவலரணுக்கு நடந்துபோன ஒரே அரசாங்க உத்தியோகத்தர் அவராகத்தான் இருப்பார். பக்கத்தில் போனவன் நான். அந்தப் பெல்ட் பார்க்கிறவனுக்கு எப்படித் தோன்றும் என்பது எனக்கும் உறைக்கவில்லை.

சோதித்த சிப்பாயின் கை இடுப்பில் பட்டதும் அவன் போட்ட சத்தத்தில் வரிசையே தரையில் படுத்தது. அண்ணன் இரண்டு கையையும் தூக்கி நின்றார். வயிறு மட்டும் தன்பாட்டில் குலுங்கிக்கொண்டிருந்தது. "கொழுப்பு! கொழுப்பு!" என்று அவர் கத்தியது எவருக்கும் விளங்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ தெரியாது. கடைசியில் அவர்களின் மேலதிகாரி ஒருவர் வந்தார். அவருக்கும் நல்ல வயிறு. தூரத்தில் நின்றே பெல்ட்டைக் கழற்ற வைத்து, பிரித்துப் பார்த்து, எல்லாம் விளங்கியதும் தன் இடுப்பில் கட்டி ஆளியைப் போட்டார். ஐந்து நிமிடம் கண்ணை மூடி நடுங்கினார்.

"ஐயா, இது பொய்ச் சாமான்" என்று தெரிந்த தமிழில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். "இண்டைக்கு வீட்ட போங்க."

வீட்டுக்குத்தான் போக வந்தேன் என்று அண்ணன் சொல்லவில்லை. திரும்பி நடந்தோம். சில மாதத்தில் துறை மூடப்பட்டது. சனிக்கிழமைகளில் வாசலில் ஒன்றும் இருக்கவில்லை. படுவான்கரைப் பக்கம் செல் குண்டு விழும் சத்தம் யன்னல் வழியாகக் கேட்டது. அண்ணன் சைக்கிளில் ஏறி உட்காருவார், மிதிக்கமாட்டார்.

பிறகு ஒரு நாள் அந்தக் கரைச் சனமெல்லாம் மூட்டையோடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. தன்னாமுனைப் பக்கத்து முகாமொன்றில் தவமணி அக்காவைக் கண்டுபிடித்தோம். வெள்ளைக் கூடாரம், முன்னால் மூன்று கல் அடுப்பு. மெலிந்த, நரைத்த ஒரு பெண் எழுந்து நின்றார். அண்ணன் கூடாரத்துக்கு வெளியே நின்று தலையைக் குனிந்தார்.

"வயிறு இன்னும் இறங்கல்ல தவமணி."

"வயித்த யாரு கேட்ட?" என்றார் அக்கா. "எட்டு வருசமா நான் ஆளத்தானே பாத்துக்கிட்டு இரிந்த. அம்மாக்கு அப்பிடிச் சொன்னதே ஞாபகம் இல்ல. மருமகன் ஏன் வாறார் இல்ல எண்டு சாகுமட்டும் கேட்டுக்கிட்டே கிடந்தா. வாற வழியில செத்துப்போனா."

அண்ணன் மணலில் அப்படியே இருந்துவிட்டார். அக்கா உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அந்த ஊர் வழக்கப்படி வீடு அவருடையது, கூடாரமானாலும் அவருடையது. அவர் கூப்பிடாமல் அண்ணன் உள்ளே போகமாட்டார்.

அடுத்த நாளிலிருந்து வேலை விட்டதும் தன் கந்தோர்ச் சைக்கிளில் அங்கே போவார். தண்ணீர் எடுத்துக் கொடுப்பார், விறகு பிளப்பார், வெளியே ஒரு கவிழ்த்த வாளியில் இருப்பார். அக்கா வெறுந்தேத்தண்ணீர் கொடுப்பார். இருட்டுமுன் மிதித்துத் திரும்பி வருவார். வெயிலோ மழையோ ஒரு நாளும் விடவில்லை. என்ன கதைத்தீர்கள் என்று கேட்டால், "ஒண்டும் இல்ல. இரிந்த" என்பார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை அவருடைய காற்சட்டை வழுகுவதைக் கண்டேன். இடுப்புவாரில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை. எந்தச் சாமானும் சாதிக்காததை அந்தப் பழைய சைக்கிள் சாதித்திருந்தது. ஓட்டை குத்தியும் வயிறு இறங்கியது அவருக்கு உறைக்கவே இல்லை. அளவு நாடா எங்கே கிடந்ததென்றுகூட அவருக்குத் தெரியாது. நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் போதும், அதை அக்காவுக்குக் காட்டுவதற்கென்று ஓடிப்போய் எல்லாவற்றையும் மறுபடி கெடுத்துவிடுவார்.

ஒரு மாலை கடும் மழை. அண்ணன் திரும்பி வரவில்லை. விடிந்ததும் பயந்துகொண்டு முகாமுக்கு ஓடினேன். கூடாரக் கயிற்றில் அவருடைய நனைந்த சட்டை காய்ந்தது. அவர் உள்ளே பாயில் இருந்து பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். அக்கா என்னைக் கண்டு, "நீங்களும் வாங்க தம்பி" என்றார்.

அண்ணன் தன் துணிகளை எடுக்க ஒரு தடவை அறைக்கு வந்தார். மற்றதையெல்லாம் எறியச் சொன்னார். படியில் இறங்கியவர் நின்று திரும்பி, "ஞாயிற்றுக்கிழமையில சாப்பிட வா மனே. தனிய இரியாத" என்றார். "ஓம் அண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

போர் முடிந்து அவர்கள் ஊரில் திரும்ப வீடு கட்டிவிட்டார்கள். நான் வேறு ஊர்களுக்கு மாறி, வேறு அறைகளில், வேறு ஆட்களோடு இருந்துவிட்டேன். எவரும் எனக்கு முன்னால் தலைகீழாக நிற்கவில்லை. அண்ணனுக்கு இப்போது கண் மங்கல், பத்திரிகையெல்லாம் தவமணி அக்காதான் வாசித்துக் காட்டுகிறாராம். அக்கா, மேலே எழுதியதை வாசிக்காமல் விட்டாலும் பரவாயில்லை. இதை மட்டும் அண்ணனுக்குக் கேட்கும்படி வாசியுங்கள்: அண்ணே, நீங்கள் போன பிறகு நான் எந்த அறையையும் என் அறை என்று சொன்னதில்லை.