அப்பாவின் முழங்காலுக்கு வந்த கூட்டம்

எந்த வீட்டிலும் ஏற்பாடு செய்தே காரியத்தைக் கெடுக்கிற ஒருத்தர் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான். வீட்டிலிருந்தபடியே மென்பொருள் சோதனை வேலை பார்க்கிறேன். (மீதி நேரத்தில் எங்களைச் சோதிக்கிறாள் என்பது அம்மாவின் கருத்து.)

வேலூரில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அப்பாவை ஆரணிக்கு அழைத்து வந்தோம். தினமும் மடக்கிப் பழக்காவிட்டால் கால் இறுகிவிடும், அப்புறம் மொபெட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பாவோ வலிக்குப் பயந்து காலை உலக்கை மாதிரி நீட்டியே வைத்திருந்தார்.

பயிற்சி தர ஆள் தேடினேன். 'அருகில்' என்று கேட்டால் இணையம் சென்னையைக் காட்டியது. கடைசியில் மருந்துக்கடைக்காரர் சொல்லி, ஊரிலேயே ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடைத்தார். அவர் அப்பாவைப் பார்த்து, பயிற்சிகளை எழுதித் தந்து, தினமும் வீட்டுக்கு வர சேவூரிலிருந்து தன் உதவியாளர் ரேவதியை அனுப்புவதாகச் சொன்னார்.

உதவியாளர் எதைச் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் தெரு வாட்ஸ்அப் குழுவில், "நாளை மாலை எங்கள் வீட்டுக்கு பிசியோ வருகிறார், வலி உள்ளவர்கள் வரலாம்" என்று போட்டேன். தெருவில் முக்கால்வாசிப் பேர் தறியில் உட்காருகிறவர்கள். வலி இல்லாதவர் யார்? கூட்டத்தைச் சமாளிக்க டோக்கன் வேறு அச்சடித்தேன். (கழுத்துக்கு மஞ்சள், முதுகுக்குப் பச்சை.)

மறுநாள் ரேவதி ஸ்கூட்டியை நிறுத்தியபோது வாசலெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி.

"இன்னாங்க, வீட்ல விசேஷமா?"

"எல்லாரும் உங்களுக்காகத்தாங்க வந்திருக்காங்க," என்றேன் பெருமையாக.

அவர் முகம் மாறியது. "நான் அசிஸ்டெண்டுங்க. சார் பாத்து எழுதிக் குடுத்தவங்களுக்குத்தான் பயிற்சி செய்ய வெப்பேன். வேற யார் மேலயாவது கை வெச்சா என் வேலை போயிடும்."

"கழுத்துல ஒரே ஒரு சொடக்கு எடுத்து வுடும்மா," என்று மஞ்சள் டோக்கனை நீட்டினார் எதிர்வீட்டு முருகேசன் மாமா.

"சொடக்கு எடுக்கறது எங்க வேலை இல்லண்ணா. சார்கிட்ட வந்து காட்டுங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். "தறிய வுட்டுட்டு வந்து குந்திகினு கீறோம். படிச்ச பொண்ணு, டோக்கன்லாம் குடுத்து இப்படி பேஜார் பண்ணிட்டியேம்மா."

ரேவதி மறுபடி ஸ்கூட்டியில் ஏறினார். "இப்படிக் கூட்டம் சேத்தா நான் வரலைங்க. வேற ஆளப் பாத்துக்கங்க."

வேறு ஆள் இல்லை. தெருவிடம் மன்னிப்புக் கேட்டேன். டோக்கன்களைத் திரும்ப வாங்கினேன். போக்குவரத்துப் போலீஸ் மாதிரி ஸ்கூட்டிக்கு முன்னால் போய் நின்றேன். மனமிரங்கி உள்ளே வந்தார். வந்ததற்கு எதையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூட்டமும் ஜன்னலுக்கு வந்தது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து காலைக் கொஞ்சம் மடக்கியதும் வழக்கம்போல், "போதும்மா," என்றார்.

"அவ்ளோதானா மச்சான்?" என்றார் முருகேசன் மாமா ஜன்னலிலிருந்து. "எங்க வூட்டுக் கன்னுக்குட்டி இத்த வுட நல்லா மடக்கும்."

தெருவே சிரித்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மடக்கினார். ஜன்னல் கூட்டம் எண்ண ஆரம்பித்தது. "சார் எழுதினது அவ்ளோதாங்க, நிறுத்துங்க," என்று ரேவதி கெஞ்சும்வரை அப்பா விடவில்லை.

இப்போது அப்பா மொபெட்டில் போகிறார். முருகேசன் மாமாவும் முறைப்படி கழுத்தைக் காட்டி, அதே ரேவதியிடம் பயிற்சி செய்கிறார். தேறாதவள் நான் மட்டும்தான். காபி கேட்டால்கூட அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும்:

"இன்னா கலர் டோக்கன்டி?"