குமிழி ஐயாவின் கல்லறைக்கல்

மாத்தளை மாவட்டத்திலேயே சவப்பெட்டியின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். இதை நான் அடித்துச் சொல்வேன். அந்தப் பெட்டிக்குள் இருந்தவர் என் அப்பா.

ரசமட்டம் தெரியும்தானே? மேசன்மார் சுவர் கட்டும்போது வைத்துப் பார்க்கிற கட்டை. நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் சரி, ஒதுங்கினால் கோணல். விரல் நீளத்தில் அப்படி ஒன்று இவருடைய சட்டைப் பையில் எந்நேரமும் கிடக்கும். தேத்தண்ணிக் கடை மேசையில் வைப்பார். கல்யாண வீட்டில் மணவறையில் வைப்பார். சாப்பாட்டு மேசை கோணல் என்றால், காலுக்கடியில் கடதாசி மடித்துச் சொருகிய பிறகுதான் இலையில் கை வைப்பார். அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருடம் இருந்தவர். ஆனாலும் தெருவில் யாரும் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குமிழி ஐயா, அவ்வளவுதான்.

அப்பாவின் பெட்டியை எங்கள் மரணாதாரச் சங்கத்தின் தள்ளுவண்டியில் ஏற்றி மயானத்து மேட்டில் தள்ளிக்கொண்டு போனோம். பாதி ஏற்றத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த குமிழி ஐயா, ரசமட்டத்தைப் பெட்டியின் மேல் குறுக்காக வைத்து, குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மேளம் நின்றது. அழுதுகொண்டிருந்த என் தங்கை வாயை மூட மறந்து நின்றாள்.

"இடது பக்கம் இறக்கம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு கூட்டம் போட்டு அவர் பெயரை வெட்டினேன். எங்கள் தெருவில் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. சங்கத்தில் பெயர் இல்லாதவர் செத்தால் கூடாரம் வராது, உட்காரக் கதிரை வராது, தெருவில் வெள்ளைக்கொடி ஏறாது, தூக்க நாலு பேரும் வரமாட்டார்கள். அவரோ பிள்ளைகுட்டி இல்லாமல், மனைவியையும் இழந்து தனியாக இருக்கிற மனிதர். பெயர் வெட்டிய கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்று நிதானமாக வாசித்தவர், "அந்த வண்டி அச்சு என்ன தடிப்பு தம்பி?" என்று கேட்டார். விறுவிறுவென்று திரும்பி வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தெருவின் நிம்மதி போனது. அவரிடம் பொழுதுபோக்குக்கு வாங்கிய குட்டி லேத் மெஷின் ஒன்று உண்டு. மேசை மேல் வைக்கிற அளவு. இரும்பைச் சுழலவிட்டு உளியால் சீவும். அது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கீச்சிட்டது. சண்டை போடப் போன பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவை உட்காரவைத்து விளக்கம் கொடுத்திருக்கிறார். மெஷினின் உறுப்பெல்லாம் ஏறி நிற்கிற அடிப்பாகத்துக்குப் பெட் என்று பெயராம். இதன் பெட் மெலிசாம், உளியை அழுத்தினால் வளைகிறதாம், அதனால் சீவிய இரும்பு ஒரு முனை தடிப்பாகவும் மறுமுனை மெலிசாகவும் வருகிறதாம். கனமான உருக்கில் புதுப் பெட் போட்டால்தான் சரிவருமாம். கட்டின புருஷனிடம்கூட இவ்வளவு நேரம் பேச்சுக் கேட்டதில்லை என்று அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஒரு நாள் சத்தம் நின்றது. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் வஹகோட்டைப் பக்கமிருந்து ஒரு சின்ன லொறி வந்து என் வீட்டு வாசலில் நின்றது.

"குமிழி ஐயா வீடு எதுங்க? கல்லறைக்கல் கொண்டாந்திருக்கேன்" என்றார் டிரைவர். "பேருகூட வெட்ட வேணாம், வழவழன்னு இருந்தா போதும்னு சொன்னாருங்க."

ஓடிப்போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. போன் எடுத்தேன். உள்ளே மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆள் செத்துக் கிடக்கிறார் என்றே முடிவு கட்டினேன். தன் பெயரைக்கூடக் கல்லில் வெட்டவேண்டாம் என்று மனிதர் சொல்லியிருக்கிறார் என்றால், சங்கத்தில் அதை வெட்டியவன் நான்தானே. கிராம சேவகருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து கதவைத் திறக்கும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. சங்கச் சட்டமாவது மண்ணாவது என்று அவர் வாசலில் கூடாரம் போடச் சொன்னேன். தெருமுனைவரை வெள்ளைக்கொடியை நானே கட்டினேன்.

கடைசிக் கம்பத்தை நட்டுக்கொண்டிருந்தபோது எல்கடுவப் பாதையிலிருந்து ஒரு பெரிய லொறி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. பின்னால், வெள்ளைத் துணியில் சுற்றி, ஓர் ஆள் நீளத்தில் ஒன்று கிடந்தது. பக்கத்தில் நாலு பேர் குந்தியிருந்தார்கள். செல்லம்மா அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். வெளியில் எங்கோ போய்ச் செத்துவிட்டார் என்று நானும் விம்மிவிட்டேன்.

முன்சீட்டுக் கதவைத் திறந்துகொண்டு குமிழி ஐயா இறங்கினார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார். இவர் கொடியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து நான் நட்ட கம்பத்தில் வைத்துப் பார்த்தார். கம்பத்தை ஒரு தள்ளுத் தள்ளி நேராக்கினார். அதற்குப் பிறகுதான் குரலைத் தாழ்த்தி, "யாரு தம்பி போயிட்டாங்க?" என்று கேட்டார்.

நீங்கதான் என்று எப்படிச் சொல்வது? கல்லறைக்கல்லைக் கையால் காட்டினேன்.

லொறியில் கிடந்தது எல்கடுவத் தேயிலைத் தொழிற்சாலையில் பழைய மெஷினுக்கு அடியில் இருந்த உருக்குப் பாளம். புதுப் பெட்டுக்காக அதைக் கழற்றி எடுக்கத்தான் மூன்று நாள் அங்கேயே தங்கிவிட்டார். போனை வீட்டில் மறந்துவிட்டார். கீறல் விழாமல் இருக்க, தன் படுக்கை விரிப்பையே சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். கல்லறைக்கல்லோ, அந்த உருக்கைச் சமமாக்க. மெருகு போட்ட கல்லில் நீல மை பூசி அதன் மேல் உருக்கை வைத்துத் தேய்த்தால், மேடான இடத்தில் மட்டும் மை ஒட்டும். அந்த இடத்தைச் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பேரை உயிரோடு கொன்றுவிட்டு, அப்படி அந்த மெஷினில் என்னதான் செய்யப் போகிறீர்கள் என்று கத்தினேன்.

"சங்கத்து வண்டிக்குப் புஷ் ரெண்டு கடையணும்" என்றார். அச்சைத் தாங்குகிற வளையத்தைச் சொல்கிறார். "பழசு தேஞ்சி போச்சி. கடையில அந்த அளவு இல்லைங்கிறாங்க. நம்ம மெஷினுல கடைஞ்சா கோணலா வருது." தொப்பியைக் கையில் திருப்பினார். "ஒங்கப்பா மயானம் வரைக்கும் சாஞ்சே போனாரு தம்பி. எனக்கு மனசு கேக்கல."

கொடியை அவிழ்ப்பது போலத் தெருமுனைக்குப் போய் அழுதேன்.

சுரண்டி முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. புதுப் பெட்டில் கடைந்த புஷ் இரண்டையும் நானும் அவருமாக வண்டியில் மாட்டினோம். வெறும் வண்டியின் மேல் குறுக்காக ரசமட்டத்தை வைத்து மயானத்து மேடு முழுக்கத் தள்ளினோம். குமிழி நடுவை விட்டு அசையவே இல்லை. அன்றே சங்கப் புத்தகத்தில் அவர் பெயரை என் கையாலேயே திரும்ப எழுதினேன்.

வண்டி இப்போது அவ்வளவு நேராக ஓடுகிறது. ஆனாலும் அவருக்காகக் கொடி கட்ட நான் இனி அவசரப்பட மாட்டேன். கதவைத் தட்டித் திறக்காவிட்டால், மூன்று நாளென்ன, முப்பது நாளானாலும் வாசலில் உட்கார்ந்து அவர் லொறியில் வருவார் என்றே காத்திருப்பேன்.