சைடு ஸ்டாண்ட் ஏன் இடது பக்கம்: இறுதி அறிக்கை

மனித குலத்தை நெடுங்காலம் வாட்டிய ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவிருந்த அன்று காலை, அவன் ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்தான், அது பொங்கியது, துடைத்தான். சட்டையின் முன்பக்கத்துக்கு மட்டும் இஸ்திரி போட்டான். கூட்டத்தில் யாரும் அவன் முதுகைப் பார்ப்பதில்லை. எட்டேகாலுக்குப் பஸ் ஏறினான். வேலைக்குப் பஸ்ஸில் போகத் தொடங்கிப் பத்து மாதம் ஆகிறது.

கேள்வி இதுதான்: மோட்டார் சைக்கிளின் சைடு ஸ்டாண்ட் ஏன் இடது பக்கம் இருக்கிறது?

சாதாரண ஜனங்கள் வண்டியைச் சாய்த்து நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சிந்திக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பதிலாகச் சிந்திப்பதற்கென்றே போக்குவரத்துத் துறை மூன்றாண்டுகளுக்கு முன் 'பக்கத் தாங்கி ஆய்வுக் குழு'வை அமைத்தது. அவன் அதன் குறிப்பெழுத்தர்.

குழுவுக்கு வந்த கோப்பு உண்மையில் வேறு. ஸ்டாண்டை எடுக்க மறந்து கிளம்புகிறவர்கள், இடது பக்கம் திரும்பும்போது அது தரையில் இடித்து விழுகிறார்கள். ஸ்டாண்ட் கீழே இருந்தால் வண்டியைக் கிளம்பவிடாத சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதை எல்லா வண்டியிலும் கட்டாயமாக்கலாமா? கோப்பு மொத்தமே ஒன்றரைப் பக்கம். ஆனால் குழுவின் தலைவர் தொலைநோக்கு உள்ளவர்.

"அது ஏன் அங்க இருக்குன்னே தெரியாம அதுக்கு ஒரு சுவிட்ச் வெச்சா, நாளைக்கு யாராவது கேட்டா என்ன பதில் சொல்றது?"

முதலில் 'ஏன் இடது', அப்புறம் சுவிட்ச் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அந்தத் தீர்மானத்தை மணிமணியான கையெழுத்தில் எழுதியவன் அவன்தான்.

நாற்பத்து மூன்றாவது கூட்டத்துக்கும் நாற்பத்து நான்காவதுக்கும் இடையே ஒரு நாள், அவன் மனைவி ஸ்டாண்டை எடுக்காமல் வேலைக்குக் கிளம்பி, தெருமுனையில் இடது பக்கம் திரும்பினாள். குழு எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தது. நிமிடம் முடிந்ததும், அந்தக் காலத்துக் குதிரை வீரரின் வாளைப் பற்றிய விவாதம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இன்று அறுபதாவது கூட்டம். கடைசிக் கூட்டம். சுவிட்சைப் பற்றி ஒரே ஒரு பத்தி இன்று அறிக்கைக்குள் ஏறினால் உண்டு. மாலையில் குழு கலைந்துவிடும். அந்த ஒரு பத்திக்காகத்தான் அவன் பத்து மாதமாக அலுவலகம் வந்துகொண்டிருந்தான்.

கூட்ட அறையில் நீள மேசை. ஏசி சொட்டும் இடத்தில் ஒரு வாளி. பக்கத்தில், ஆய்வுக்காக மூன்றாம் மாடிக்குத் தூக்கிவந்த ஒரு மோட்டார் சைக்கிள் இடது பக்கம் சாய்ந்து நின்றது. மூன்று வருடமாக அதில் நடந்த ஒரே ஆய்வு, தலைவர் கழற்றி மாட்டும் கோட்டை அது தாங்குமா என்பது. தாங்கியது.

இன்றைக்கு ஒரு மெக்கானிக்கையும் அழைத்திருந்தார்கள். அவர் அவன் மனைவியின் அண்ணன். 'தொழில்நுட்பத் தரப்பு', 'பாதிக்கப்பட்ட தரப்பு' இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்காரவைப்பதற்குப் பெயர் நிர்வாகத் திறமை.

வரலாற்று ஆலோசகர் எழுந்தார். "அந்தக் காலத்துல வீரன் வாளை இடது இடுப்புல தொங்கவிட்டிருந்தான். வலது பக்கமா குதிரை ஏறி இடது காலைத் தூக்கிப் போட்டா, வாள் இடிக்கும். அதனால இடது பக்கமா ஏறினான். நாமளும் அப்படியே ஏறுறோம். ஏறுற பக்கம் ஸ்டாண்ட்."

"இடதுகைக்கார வீரன் என்ன பண்ணான்?" என்றார் தலைவர்.

"நடந்து போயிருப்பான்."

"குறிச்சுக்குங்க."

அவன் குறித்துக்கொண்டான்.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "ஐயா, வலது பக்கம் சைலன்சர் இருக்கு. காலைச் சுடும். இடது பக்கம் இறங்கினா ரோட்டோரம். அதான் ஸ்டாண்டும் அங்க. என் கடைக்கு வந்திருந்தா டீ ஆறுறதுக்குள்ள சொல்லியிருப்பேனே."

"ஆதாரம்?"

"என் காலு." பேண்ட்டைத் தூக்கிக் கெண்டைக்காலில் இருந்த சூட்டுத் தழும்பைக் காட்டினார்.

ஆலோசகர் குனிந்து பார்த்தார். "இது எந்த நூற்றாண்டு?"

"போன வருஷம்."

"அப்ப வரலாற்றுல வராது."

மெக்கானிக் அவன் பக்கம் திரும்பினார். "மாப்ள, எழுதினது போதும். சுவிட்ச் என்னாச்சுன்னு கேளுங்க."

அவன் எழுந்தான். "ஐயா, அந்தப் பத்தி..."

"அதை விட்டுடுவோமா தம்பி? அதுக்குத் தனியா ஒரு குழுவே போட்டாச்சு." தலைவர் முகம் மலர்ந்தது. "'ஸ்டாண்ட் ஏன் வலது பக்கம் இல்லை' ஆய்வுக் குழு. இப்ப பாதிக் கேள்விக்குத்தானே விடை கிடைச்சிருக்கு? அவங்க முடிச்ச மறுநாளே சுவிட்ச். குறிப்பெழுத்தர் நீங்கதான். பதவி உயர்வோட."

"எத்தனை வருஷமாகும்?" என்றார் மெக்கானிக்.

"இதென்ன பஞ்சர் ஒட்டுற வேலையா?" தலைவர் ஒரு தாளை அவன் முன் நகர்த்தினார். "இன்னொரு நல்ல சேதி. அறிக்கையை உங்க மனைவிக்குத்தான் சமர்ப்பணம் பண்ணியிருக்கோம். முன்னுரையில அவங்க கடைசி வார்த்தையைப் போட்டாச்சு. 'உண்மை'ன்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா அச்சுக்குப் போயிடும்."

தாளில் இருந்தது: 'மறைந்த அம்மையார், "குழு தன் பணியைத் தொடரட்டும், அவசரம் வேண்டாம்" என்று இறுதியாகக் கூறியதாக அறிகிறோம்.'

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "என் தங்கச்சியா? அவசரம் வேண்டாம்னா? அவ பொறந்ததே ஏழு மாசத்துலய்யா!"

"உணர்வைத்தான் எடுத்துக்கணும், வார்த்தையை இல்ல," என்றார் ஆலோசகர்.

"இதை யாருகிட்ட கேட்டீங்க?"

"யாருகிட்டயும் கேக்கல. அதனாலதான் 'அறிகிறோம்'."

அவன் பேனா மூடியைக் கழற்றினான். சொன்னதைச் சொன்னபடி எழுதுவது குறிப்பெழுத்தரின் கடமை. அறுபது கூட்டங்களில் ஒரு முறைகூட அவன் அதில் தவறியதில்லை. அச்சடித்திருந்த வரியை அடித்தான். ஓரத்தில் எழுதினான்.

அவள் விழுந்த அன்று காலை, தான் வாசற்படியில் உட்கார்ந்து, இடைக்கால அறிக்கையில் வாளைப் பற்றிய அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்ததை எழுதினான். வண்டியில் ஏறி உட்கார்ந்து அவள் ஒன்று கேட்டதை எழுதினான். தலை நிமிராமலே "எடுத்தாச்சு, போ" என்று தான் சொன்னதை எழுதினான். பார்க்கவில்லை என்பதையும் எழுதினான். அவள் கேட்டதை மேற்கோள் குறிக்குள் போட்டான். கீழே, 'உண்மை' என்று கையெழுத்திட்டான்.

தலைவர் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேற்கோள் குறிக்குள் இருந்ததை அவையறிய உரக்க வாசித்தார்:

"ஸ்டாண்டு ஆபீசரே, அந்த ஃபைலைக் கொஞ்சம் கீழ வெச்சிட்டு, நான் ஸ்டாண்டை எடுத்துட்டேனான்னு பாருங்க."