நோட்டீஸ் அண்ணையின் வரிக்காசு

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ கப்பல்கள் வந்து போயிருக்கும். நோட்டீஸ் அண்ணையைப் போல முன்னறிவித்தல் கொடுத்து நடமாடிய ஒன்றை நான் கண்டதில்லை. இழுவைப் படகுக் கம்பனியில் வயர்லெஸ் அவர் பொறுப்பு. எந்தப் படகு அசைவதானாலும் முதலில் அறிவிக்க வேண்டும். மனிதர் அந்த விதியை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார். கழிப்பறைக்குப் போவதென்றாலும், "போறன், ஐஞ்சு நிமிசம்" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கச் சொல்லுவார். ஒரு கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து எழுந்து, "வெளிக்கிடுறன்" என்றார். கொட்டுமேளமே ஒரு கணம் தடுமாறியது.

அவர் ஓய்வுபெற்ற பிறகுதான், சம்பளத்தில் கம்பனி கூடுதலாக வரி வெட்டியிருந்தது தெரியவந்தது. அங்கே கிளார்க்காக இருந்த நான்தான் அதைத் திருப்பிக் கேட்கும் படிவத்தை நிரப்பினேன். சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கையே அதில் எழுதிய புத்திசாலியும் நான்தான். மருமகனின் படகு எஞ்சினுக்காக அண்ணை அதே வங்கியில் கடன் எடுத்து, தவணை கட்ட முடியாமல் கிடந்தது எனக்குத் தெரியாது. காசு வந்து விழுந்த உடனே வங்கி அதைக் கடனுக்கு எடுத்துவிடும்.

இதற்குள் அவர் மனைவி ரீத்தா அக்காவுக்கு ஒரு கண்ணில் விழித்திரை விலகத் தொடங்கிவிட்டது. மற்றக் கண் ஏற்கெனவே மங்கல். இந்த மாதத்துக்குள் கொழும்பில் ஒப்பரேசன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்றார் டொக்டர். அவர்களுக்கு இருந்த ஒரே வழி அந்த வரிக்காசு.

கடன் கதை அப்போதுதான் என் காதுக்கு வந்தது. வேறொரு வங்கியில் அவருக்குக் கணக்குத் திறந்து, அதற்கு மாற்றும்படி வரி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தோம். மாற்றியாயிற்று, அடுத்த கிழமை காசு விழும் என்று பதில் வந்த அன்றுதான் ஒழுங்காகச் சோறு தின்றேன்.

"அண்ணை, காசு விழுமட்டும் ஒருத்தரிட்டையும் கதைக்கப்படாது" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"ஓம் தம்பி" என்றார்.

இரண்டு நாள் கழித்து, கடன் கொடுத்த வங்கி அவரை வரச் சொன்னது.

"என்ன அண்ணை செய்தனீங்கள்?"

"ஒரு கடிதம் குடுத்தனான். என்ர வரிக்காசு இஞ்ச வராது, மற்ற வங்கிக்குப் போகுது, பாத்துக்கொண்டிருக்க வேண்டாம் எண்டு."

"ஏன்?"

"அறிவிக்காமல் பாதை மாத்தேலாது, தம்பி."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். விழுவதற்கு முன் அதையும் அறிவித்திருப்பார்.

வங்கிக்கு நானும் கூடப் போனேன். முகாமையாளர் பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்த பெண்மணி. கடிதம் அவர் முன்னால் விரிந்து கிடந்தது.

"இத தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினா, கோர்ட்டில தடை உத்தரவு கேப்பாங்க. காசு வரி அலுவலகத்திலயே நிண்டுடும்" என்றார்.

அண்ணை வாயைத் திறந்தார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

"தம்பி என்ர காலை மிதிக்கிறார், மிஸ்" என்று அறிவித்தார். பிறகு சொன்னார்: "காசு விழுற அண்டைக்கே மனுசியின்ர கண் ஒப்பரேசனுக்குக் கட்டிப்போடுவன். கடனை மறுக்கேல்ல. துறைமுக ஜெற்றியில காவல் வேலை கேட்டிருக்கிறன். மாதாமாதம் கட்டுறன்."

முகாமையாளர் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரிந்த கடவுள்கள் எல்லோரையும் கூப்பிட்டு முடித்துவிட்டேன்.

"கடன்காரர் ஒளிச்சு ஓடுறதத்தான் பாத்திருக்கன்" என்றார் கடைசியில். "ஓடுற வழியச் சொல்லிட்டு ஓடுற ஆள் நீங்கதான். தவணைய மாத்தித் தாறன், கையெழுத்து வைங்க. இந்தக் கடிதம் என்ட மேசை லாச்சிக்குள்ளயே இருக்கட்டும்."

அடுத்த கிழமை காசு விழுந்தது. அன்று பின்னேரமே ஆஸ்பத்திரியில் கட்டினோம்.

கண்கட்டை அவிழ்த்த அன்று நானும் கொழும்பில் நின்றேன். ரீத்தா அக்கா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அவரையே பார்த்தார்.

"என்னப்பா, இப்பிடி மெலிஞ்சு போனீங்கள்?"

அண்ணை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அன்றிலிருந்து யாராவது கேட்டால், திருகோணமலையில் ஒரு தமையன் இருக்கிறார் என்றுதான் சொல்கிறேன்.