பூபதிராஜாவின் வேனுக்கு ஒரு ஃபிரிட்ஜ்

"வண்டியில ஃபிரிட்ஜ் இருக்குங்களா?" என்று திருப்பூரிலிருந்து ஒரு குரல் போனில் கேட்டது.

"இருக்குங்க" என்றான் பூபதிராஜா. அடுத்த கேள்விக்குப் பயந்து, சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

கஞ்சிக்கோட்டில் பார்த்த கம்பெனி வேலையை விட்டு, பழைய வேன் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் பொருத்தி, ஊர் சுற்றுகிறவர்களுக்கு வாடகைக்கு விடக் கிளம்பியவன் அவன். அவன் ஊரான எருத்தேன்பதியில் அதற்குச் சிரிக்காத ஆளில்லை. மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த முதல் சவாரி இது. போனில் கேட்ட கோகுல்நாத்தும் அவர் மனைவியும் கம்பம்மெட்டு வரை போய், வண்டியிலேயே தங்கப் போகிறார்கள். சனிக்கிழமை வந்துவிடுவார்கள். வண்டியில் ஃபிரிட்ஜ்தான் இல்லை.

செலவில்லாத வழியாக வீட்டு ஃபிரிட்ஜையே தூக்கி வேனில் ஏற்றினான். பொழுது சாய்வதற்குள் அது பேட்டரியை உறிஞ்சி முடித்தது. நாலு பேரைக் கூப்பிட்டு வேனைத் தள்ள வேண்டியதாயிற்று. தள்ளியதைவிட அவர்கள் சிரித்ததுதான் அதிகம். ஃபிரிட்ஜ் வீட்டுக்குத் திரும்பியது.

அடுத்து, மலிவாகக் கிடைத்தது என்று ஒரு குளிர்பெட்டி வாங்கினான். அது ஓயாமல் கரண்ட் குடித்தது. இருந்தும் எருத்தேன்பதி வெயிலில் உள்ளே வைத்த பால் திரிந்தது.

கடைசியாக, கஞ்சிக்கோட்டுக் கடைக்காரர் ஒருவர் பேட்டரியில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜைக் காட்டினார். போதுமான குளிர் ஏறியதும் தானே நின்றுகொள்ளுமாம். மூடி மேல்பக்கம் என்பதால் திறந்தாலும் குளிர் வெளியே கொட்டாதாம். விலைதான் கட்டுப்படியாகவில்லை. மனைவி ஜீவிதா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, வீட்டு ஃபிரிட்ஜைக் கொடுத்து விலையைக் குறைத்து வாங்கிவந்தான்.

வேனில் அதை வைக்க இடமில்லை. கட்டிலின் ஓரத்தை அறுத்தான். இருவர் படுக்கும் கட்டில், ஒன்றரை ஆள் கட்டிலானது.

மாலையில் ஜீவிதா மாவுச் சட்டியோடு வேனருகே வந்து நின்றாள். வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்த இடம் காலியாகக் கிடந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"இந்தச் சவாரியும் போச்சுன்னா வேனை வித்துப்போட்டு மறுக்கா கம்பெனிக்கே போயிருங்க" என்று சொல்லிவிட்டு, மாவைப் புது ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை மாவு புளிக்கவில்லை. வேனும் ஒரே சாவியில் கிளம்பியது. பூபதிராஜாவுக்கு மூச்சு வந்தது.

கோகுல்நாத், தன் மனைவி சிவசங்கரியோடு வந்து சேர்ந்தார். அவள் வேனில் ஏறினாள். அறுத்த கட்டிலில் பையை வைத்து உட்கார்ந்தாள். ஃபிரிட்ஜ் 'ர்ர்ர்' என்று மெல்ல முனகத் தொடங்கியதும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பூபதிராஜா பதறிப்போய் மூடியைத் திறந்தான். "நல்லா சில்லுனு இருக்குதுங்க. கை வெச்சுப் பாருங்க."

கோகுல்நாத் அவனைத் தனியே அழைத்துப்போனார்.

"ஃபிரிட்ஜ் சத்தம் கேட்டா இவளுக்குத் தூக்கமே வராதுங்க, இருந்தா கழட்டி வெச்சிருங்கன்னு சொல்றதுக்குத்தான் அன்னிக்குக் கேட்டேன், அதுக்குள்ள போனை வெச்சுப்போட்டீங்க."