குட்டி யானையில் போன வீடு

காலை மணி 7.52. கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் மீஞ்சூரை விட்டு நகர்ந்த நிமிடம். என் வாழ்க்கையின் மிக முட்டாள்தனமான வாட்ஸ்அப் செய்தியை அப்போதுதான் அனுப்பினேன். நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், அந்தச் செய்தியைப் படம் பிடித்து எங்கள் குடும்பத்தில் பதினொரு பேர் இன்னும் போனில் வைத்திருக்கிறார்கள்.

ஆறு மாத மெட்டர்னிட்டி லீவ் முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்துப் பிறந்த மகள். (பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் என்னைப் பார்த்து, “பாட்டிம்மா, நீங்க வெளியில உக்காருங்க” என்றார். அதை விடுங்கள்.)

அந்த ஆறு மாதமும் குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டே நான் யோசித்தது ஒன்றைத்தான். வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்துவிட வேண்டும். கடன் இல்லையென்றால், குழந்தையை விட்டுப் போகவே முடியாத ஒரு நாளில் வேலையை உதறிவிட்டு வந்துவிடலாம். ஆனால் கடனை அடைக்க வேலைக்குப் போயாக வேண்டும். வேலைக்குப் போனால் குழந்தையை விட்டுப் போயாக வேண்டும். இப்படிச் செக்குமாடாகச் சுற்றி, நகையை விற்று, கணவரின் பி.எஃப். பணத்தை எடுத்து, ஒருவழியாகத் தொகை சேர்ந்தது. பாக்கி எவ்வளவு என்று வங்கி ஒரு கடிதம் கொடுத்தால் கட்டி முடித்துவிடலாம். அதற்கு மூன்று வாரம் நடந்தோம். அந்தக் கடிதம் நான் ரயிலில் ஏறியதும் மெயிலில் வந்து விழுந்தது. கடனைக் கெடுவுக்கு முன்பே அடைத்து முடிப்பதற்கு நம் வங்கிகள் வைத்திருக்கும் பெயர் ஃபோர்குளோஷர்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. (அந்த நாட்களில் பிஸ்கட் விளம்பரத்துக்கும் வரும்.) குடும்பக் குழுவில் எழுதினேன்:

“வீட்டுக்கு ஃபோர்குளோஷர் லெட்டர் வந்துடுச்சு. சனிக்கிழமையோட எல்லாம் முடிஞ்சுது. அழுகையா வருது. எல்லாரும் வேண்டிக்கோங்க.”

கூடவே கைகூப்பும் பொம்மை மூன்று, அழும் முகம் இரண்டு. பிறகு தொழிற்சாலை வாசலில் இருக்கும் லாக்கரில் போனை வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். கார் உதிரிபாகம் செய்யும் இடம். உள்ளே போனுக்கு அனுமதி இல்லை.

தரப் பரிசோதனைப் பிரிவில் என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் பாஸ்வேர்டு எனக்கே மறந்திருந்தது. பால் கட்டி மார்பு கனத்தது. பத்து மணிக்குள் நல்ல பாகங்கள் நாற்பதைக் குறையுள்ளவை என்று ஒதுக்கிவிட்டேன்.

வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் இருக்கும் என் கொழுந்தன் குமரன் தூங்கப் போகுமுன் குழுவைப் பார்த்திருக்கிறான். அந்த ஊரில் ஃபோர்குளோஷர் என்றால், கடன் கட்டாதவர் வீட்டை வங்கி பிடுங்கிக்கொள்வது. உடனே அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். அந்த அப்பா, அதாவது என் மாமனார், அப்போது எங்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் பொன்னேரிப் பக்கத்தில் நெல் விவசாயம் பார்ப்பவர். மாமியார் இல்லை. பேத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தானாக முன்வந்தவர். அவருடைய இளவயதில் கடனுக்கு ஜப்தி செய்ய வந்தவர்கள், கிணற்று மோட்டாரோடு வாசல் கதவையும் கழற்றிப் போனார்களாம். ஜப்திக்காரன் வரும்போது வீட்டில் துடைப்பம்கூட இருக்கக் கூடாது என்பது அன்று அவர் கற்ற பாடம். தெருமுனையில் நின்ற குட்டி யானையைக் கூப்பிட்டார். (சின்ன சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.)

மதியம் சாப்பாட்டு வேளையில் ஓடிப்போய் லாக்கரைத் திறந்தேன். நாற்பத்து மூன்று தவறிய அழைப்புகள். முதலில் எதிர்வீட்டு மேரி அக்காவைக் கூப்பிட்டேன்.

“இன்னா கண்ணு, ஊட்ட காலி பண்றேன்னு ஒரு வார்த்த சொல்லல? எங்க அக்கா பொண்ணுக்கு ஊடு தேடிகினு கீறோம். அட்வான்ஸ் எவ்ளோ?”

“யாருக்கா காலி பண்றது?”

“உங்க மாமனாருதான். பீரோ, கட்டிலு, ஃப்ரிட்ஜி எல்லாம் ஏத்திகினு பூட்டாரு. நான்தான் மிக்ஸிய பேப்பர்ல சுத்திக் குட்த்தேன்.”

“பாப்பா?”

“பாப்பா முன்சீட்ல.”

இரண்டு வாரமாகப் பிழிந்து உறையவைத்த பால் முழுவதும் அந்த ஃப்ரிட்ஜில் இருந்தது. மாமனார் எண்ணைப் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். (“ஆன்ல வச்சா டவர வச்சி புட்ச்சிருவான்” என்று பிறகு விளக்கினார்.) அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் கணவர் குடும்பக் குழுவை ஒரு வருடத்துக்கு மௌனமாக்கி வைத்திருக்கும் புத்திசாலி. அவரும் எடுக்கவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன்.

“முதல் நாளே அரை நாளா, மேடம்?”

“சார், வீட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. கூடவே பாப்பாவையும்.”

 கேட் பாஸில் காரணம் என்ற இடத்தில் “உடல்நலக் குறைவு” என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாங்கிக்கொண்டு ஓடினேன்.

சாவி மேரி அக்காவிடம் இருந்தது. கதவைத் திறந்து, “பாப்பா!” என்று கத்தினேன். காலி வீடு என் குரலை எனக்கே திருப்பிக் கொடுத்தது. பீரோ நின்ற இடத்தில் மட்டும் சுவர் புதுப் பெயிண்டாகப் பளபளத்தது. சாமி படத்தையும் விளக்கையும் மட்டும் விட்டுப் போயிருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். உட்கார வேறு எதுவும் இல்லை. சுடிதாரின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது.

குமரன் கூப்பிட்டான்.

“அண்ணி, எத்தன மாசமா இ.எம்.ஐ. கட்டல? என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“ஒரு மாசம்கூட விட்டதில்லடா! முழுக் கடனையும் அடைக்கப் போறோம். அதுக்குப் பேருதான் ஃபோர்குளோஷர்!”

 “அண்ணி... நான் அப்பாகிட்ட ஜப்தின்னு சொல்லிட்டேனே.”

மேரி அக்காவிடம் வண்டிக்காரரின் எண் இருந்தது. போட்டேன்.

“அலோ, நான் பாப்பாவோட அம்மா பேசுறேன்.”

“அப்டிதான் சொல்வீங்கன்னு பெர்சு சொன்னாரு. நீங்க பேங்க்குதான?”

“இல்லீங்க! நான் அவரோட மருமக!”

பின்னால் குழந்தை அழுதது. கூடவே மாமனாரின் குரல்: “மருமவளா இருந்தா, நேத்து நைட்டு இன்னா கொயம்புன்னு கேளு!”

“கொழம்பே வைக்கல! ரசம்தான்! அதுலயும் உப்புப் போட மறந்துட்டேன்!”

“ஆங், நம்ம பொண்ணுதான்” என்றது குரல்.

“மாமா, பாப்பாவைத் தூக்கிட்டு உடனே வாங்க. இங்க பேங்க்லேர்ந்து...”

“யாரும் வரல” என்று முடிப்பதற்குள் தொடர்பு அறுந்தது. திரும்பக் கிடைக்கவே இல்லை.

இன்றும் புது எண்ணிலிருந்து யார் பேசினாலும் எங்கள் வீட்டில் முதல் கேள்வி, “நேத்து நைட்டு இன்னா கொயம்பு?” என்பதுதான். வங்கியின் ஓ.டி.பி.யைவிட இது பாதுகாப்பானது என்கிறார் என் கணவர். மகளுக்கு நான்கு வயதாகிவிட்டது. கடனை அந்தச் சனிக்கிழமையே அடைத்துவிட்டோம். வேலையை நான் விடவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் விட்டுவிடலாம் என்று நினைப்பதோடு சரி. மதியம் லாக்கரைத் திறந்ததும் முதலில் தவறிய அழைப்புகளைத்தான் இன்னமும் எண்ணுகிறேன்.

அன்று நாலரை மணி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது கொல்லைப்பக்கம். யாரோ கதவை விரலால் மெல்லத் தட்டினார்கள். திறந்தேன். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு மாமனார் நின்றிருந்தார். வண்டியை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார். தோளில் குழந்தை தூங்கியது. இன்னொரு கையில் ஒரு மஞ்சள் பை. நான் குழந்தையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் எனக்குப் பின்னால் காலி வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, ரகசியக் குரலில் சொன்னார்:

“பேங்க்காரன் உள்ள கீறானா? நெலத்துப் பத்திரத்த எட்த்துகினு வந்துகீறேன். கீறான்னா குட்த்துட்றேன். பூட்டான்னா சொல்லிடும்மா, அப்டியே திருப்பி எட்த்துகினு பூடறேன்.”